உறையும் மண்ணில் ஒரு தண்டவாளம்

ஜேர்மனியில் வீட்டுத் தோட்டத்தில் சிறிய ரயில் ஓடவிடுவது வளர்ந்தவர்கள் முழு மனதோடு செய்யும் வேலை. 1968 இல் நூரம்பெர்க் நகரின் லேமன் விளையாட்டுப் பொருள் நிறுவனம், அதை நடத்திய ரிக்டர் சகோதரர்களின் முயற்சியால், மழையும் வெயிலும் தாங்கும் பெரிய மாதிரி ரயில்களை எல்.ஜி.பி. என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. பாதையின் அகலம் 45 மில்லிமீற்றர். வண்டிகள் உண்மையானவற்றில் 22.5 இல் ஒரு பங்கு. பெருக்கிப் பார்த்தால் அது மீற்றர் பாதை. சுவிற்சர்லாந்தின் ரேத்திய ரயிலுக்கும் தமிழ்நாட்டின் நீலகிரி மலை ரயிலுக்கும் உரிய அகலம். இலங்கையின் யாழ்தேவி ரயில் ஓடுவது 1676 மில்லிமீற்றர் அகலப் பாதையில் என்பதால் அதை இதே அளவில் செய்ய விரும்புகிறவருக்கு 74 மில்லிமீற்றருக்கும் கூடுதலான பாதை தேவை. அப்படி ஒன்றைத் தாமே செய்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் எந்த வண்டி ஓடினாலும் அதற்கு முன்னே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பாதையை எதன்மேல் போடுவது? சீமெந்தில் பதிக்கவே கூடாது, சல்லிக்கல்லின் மேல் மிதக்கத்தான் விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இலங்கையிலிருந்து இங்கு வந்து குடியேறிய நம்மவர்கள் இதை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

காரணம் மண்ணில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல் வந்துவிடும். அங்கே நிலம் உறைவதில்லை. ஒருமுறை வார்த்த சீமெந்து போட்ட இடத்திலேயே இருக்கும். அந்த அனுபவம் இங்கே உதவாது. இங்கு வீட்டு அத்திவாரத்தை ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் ஆழத்துக்காவது இறக்குவது வழக்கம், உறைபனி அதற்குக் கீழே எட்டுவது அரிது என்பதால். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ ஒன்பது சதவீதம் பெருகும் என்று பள்ளியில் படித்திருப்போம். மண்ணைத் தூக்குவது அந்தப் பெருக்கம் மட்டுமில்லை. மேல்மண் உறையத் தொடங்கியதும், கீழே உறையாமல் இருக்கும் ஈரம் நுண்துளைகள் வழியாக மேலே இழுபட்டு, உறையும் இடத்தில் தட்டுத்தட்டாகப் பனியாய்ச் சேர்கிறது. அந்தத் தட்டுகள் தடிக்கத் தடிக்க நிலம் மேலெழும். மணலில் இது குறைவு, நுண்ணிய வண்டல் மண்ணில் மிக அதிகம். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலை அறியாத ஐரோப்பியத் தமிழர் குறைவு. அந்நகருக்கு அருகே விரியும் சோஸ்ட் சமவெளி, காற்று கொண்டுவந்து படியவைத்த நுண்வண்டலால் ஆனது. பயிருக்கு அருமையான மண்தான், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்து உறையக்கூடிய மண்.

இந்த மண்ணின் மேல் பத்துச் சென்ரிமீற்றர் தடிப்பில் ஒரு சீமெந்துப் பட்டையை வார்த்தால் என்ன நடக்கும்? நிலம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் எழுவதில்லை. மதில் நிழலில் ஒரு விதம், மரவேருக்கு அருகே வேறு விதம், கூரைத் தண்ணீர் விழும் மூலையில் இன்னொரு விதம். வளைய முடியாத பட்டை வெடிக்கும். வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கி அடுத்த மாரியில் உறைந்து அதை அகட்டும். இரு துண்டுகளுக்கு இடையே சில மில்லிமீற்றர் உயர வேறுபாடு வந்தாலே போதும், சிறிய சில்லு தடம் புரண்டுவிடும். உடைத்து மறுபடி வார்ப்பதைத் தவிர அதற்குச் சரியான பரிகாரம் இல்லை.

கோடை வேறொரு கணக்கைச் சொல்கிறது. தோட்டப் பாதைகளில் பெரும்பாலும் பித்தளைத் தண்டவாளம்தான். ஒரு பாகை வெப்பம் கூடினால் ஒரு மீற்றர் பித்தளை ஏறத்தாழ 0.019 மில்லிமீற்றர் நீளும். மாரியின் கழித்தல் பத்துப் பாகையிலிருந்து, நேர்வெயிலில் கிடக்கும் உலோகத்தின் ஐம்பது பாகை வரை எடுத்தால், பத்து மீற்றர் பாதை பதினொரு மில்லிமீற்றருக்கு மேல் நீண்டு சுருங்குகிறது. சிலிப்பர்களைச் சீமெந்தில் ஆணியடித்து இறுக்கினால் அந்த நீளம் போக இடம் தேடும். ஆணி பிடுங்கப்படும், அல்லது பிளாஸ்ரிக் சிலிப்பர் உடையும், அல்லது பாதை பக்கவாட்டில் நெளியும். சல்லியில் கிடக்கும் பாதை வளைவுகளில் சற்று வெளியே நகர்ந்து, குளிர் வந்ததும் திரும்பி வந்துவிடும்.

மிதக்கும் பாதைக்கு 80 சென்ரிமீற்றர் தோண்டத் தேவையில்லை. மண்வெட்டி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி, மண் மேலே கலக்காமல் தடுக்கும் துணியை விரித்து, பருமனான சரளையால் நிரப்பி, மேலே இரண்டு முதல் ஐந்து மில்லிமீற்றர் அளவான உடைகல்லைப் போட்டால் போதும். பருமனான கல்லுக்கிடையே தண்ணீர் மேலே ஏறாது, வடிந்து போகும். அடிமண் எழுந்தாலும் கற்படுகை அதோடு மெல்ல எழுந்து, பனி கரைந்ததும் இறங்கும். கல் உடைத்ததாக, கூர் விளிம்புள்ளதாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். விளிம்புகள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். ஆற்றுக் கூழாங்கல் உருண்டு ஓடும். உண்மையான ரயில் பாதைகளில் உடைத்த கருங்கல்லைக் கொட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

இதற்குப் பலமான மறுப்பு ஒன்று உண்டு. ஜேர்மனியின் அதிவேக ரயிலே கொங்கிறீட்டின் மேல் ஓடவில்லையா? ஓடுகிறது. 1972 இல் ரேடா நிலையத்தில் சல்லியில்லாத பாதையைப் போட்டார்கள். 2002 இல் திறந்த கொலோன்–பிராங்பேர்ட் அதிவேகப் பாதையின் பெரும்பகுதி அவ்வழியில் வந்த கொங்கிறீட் படுகைதான். ஆனால் அந்தப் படுகைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நிலத்தை ஆராய்ந்து, இறுக்கி, உறைபனி தாக்காத சரளைப் படையை விரித்து, அதற்கு மேல்தான் வார்க்கிறார்கள். தண்டவாளத்தைப் பிடிப்பதும் நெகிழும் இணைப்புகள். அவ்வளவு செய்த பிறகும் அடிநிலம் இறங்கினால் திருத்துவது கடினம் என்பது அவர்களுக்குத் தெரிந்ததே. கீழே செய்த வேலையை விட்டுவிட்டு மேலே தெரியும் கொங்கிறீட்டை மட்டும் தோட்டத்துக்குக் கொண்டுவருவது அவர்களைப் பின்பற்றுவது ஆகாது.

சல்லியில் களை முளைக்கும், கருங்குருவி இரை தேடிக் கல்லைக் கிளறும், அகழெலி மண்ணைக் கிளப்பும் என்பார்கள். எல்லாம் உண்மை. அகழெலி இந்நாட்டில் பாதுகாக்கப்பட்ட உயிரினம், கொல்லவும் முடியாது. ஆனால் இவற்றில் எந்தச் சேதமும் ஒரு வாளி கல்லுக்கும் ஒரு மாலைப் பொழுதுக்கும் மேல் கேட்பதில்லை.

சட்டமும் பெரும்பாலும் சல்லியின் பக்கமே நிற்கிறது. நம்மவர் பலருக்குச் சொந்த வளவு இல்லை; சங்கங்கள் குத்தகைக்கு விடும் சிறுதோட்டங்களே கிடைக்கின்றன. 1983 முதல் நடைமுறையில் உள்ள கூட்டாட்சிச் சிறுதோட்டச் சட்டப்படி ஒரு துண்டு 400 சதுர மீற்றரைத் தாண்டலாகாது. மூன்றில் ஒரு பங்கிலாவது பழமோ மரக்கறியோ விளைய வேண்டும் என்பது நீதிமன்றம் வகுத்த அளவு. பல சங்கங்கள் வார்த்த கொங்கிறீட்டை அனுமதிப்பதே இல்லை. குத்தகை முடிந்து போகும்போது அதை உடைத்து அள்ளிக் கொடுப்பது குத்தகைக்காரர் தலையில் விழும். சல்லியை அடுத்தவர் நடைபாதைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இத்தனைக்குப் பிறகும் நம்மிடையே சீமெந்தின் மேல் ஒரு பிடிப்பு இருப்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. ஆண்டுக்கணக்காகத் தற்காலிக வதிவிட அனுமதியில் வாழ்ந்தவர்களுக்கு, அசையாத ஒன்றை நிலத்தில் பதித்துப் பார்க்கும் ஆசை வருவது இயல்பு. ஆனால் 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 இல் போரால் யாழ்ப்பாணம் வராமல் நின்ற பிறகு, அந்தப் பாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர்களும் பிடுங்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 இல் ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது நிலத்தைச் சீர்செய்து புதிதாகப் போட்ட பாதையில். எவ்வளவு கனமாகப் பதித்தோம் என்பது அங்கே ஒன்றையும் காப்பாற்றவில்லை. பாதை இருப்பது அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும்வரைதான். அதனால்தான் ஆண்டுக்கொருமுறை மார்ச்சில் நீர்மட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த இடத்தில் கல்லைத் திணித்து, இணைப்புகளைத் துடைக்கும் வேலையைச் சுமையாக எண்ண என்னால் முடியவில்லை. அந்த வேலைதான் இந்த மண்ணை நமக்குப் பழக்குகிறது.

தொடங்குகிறவர்கள் பத்து மீற்றரோடு தொடங்கலாம். 60 சென்ரிமீற்றர் ஆரையுள்ள மிகச் சிறிய வளைவைத் தவிர்த்து, அதன் இருமடங்கு ஆரையை எடுப்பது நல்லது. நீளமான பெட்டிகள் அதில் தடுமாறாமல் திரும்பும். ஏற்றம் நூறு சென்ரிமீற்றருக்கு இரண்டைத் தாண்டாமல் இருக்கட்டும். நிலையமும் பாலமும் முதல் ஆண்டில் வேண்டாம். பாதையை வெறும் சல்லியில் ஒரு மாரி முழுவதும் விட்டு, தண்ணீர் எங்கே தேங்குகிறது, நிலம் எங்கே எழுகிறது என்று ஒரு தாளில் குறித்துவைத்த பிறகு, அந்தத் தாளைப் பார்த்து நிலையத்துக்கும் பாலத்துக்கும் இடம் ஒதுக்கலாம்.