எரிமலைச் சரிவில் ஒரு திராட்சைத் தோட்டம்

இத்தாலியின் சிசிலித் தீவில், எட்னா எரிமலையின் வடசரிவிலுள்ள ராண்டாசோ ஊருக்குச் சென்றிருந்தோம். அங்கே 600 மீட்டர் முதல் 1,000 மீட்டர் வரையிலான உயரத்தில், கரிய எரிமலைக் கற்களால் வரம்பு கட்டிய படிநிலங்களில் திராட்சைக் கொடிகள் வளர்கின்றன. பகல் வெயில் கனிக்கு இனிமையூட்டுகின்றது. இரவுக் குளிரோ அதன் புளிப்பையும் நறுமணத்தையும் காக்கின்றது. உயரத்தின் குளிர்ச்சியால் ‘நெரெல்லோ மஸ்கலேசே’ என்னும் திராட்சை மெல்லப் பழுக்கின்றது. அறுவடை பெரும்பாலும் அக்டோபரில்தான். அதனாலேயே அச்சிவப்பு மது, அடர்நிறமின்றி, நுண்ணிய மணமும் மென்மையும் கொண்டு விளங்குகின்றது.

1981 மார்ச்சில் இறங்கிய நெருப்புக் குழம்பு இங்கே பல தோட்டங்களை விழுங்கிற்று. உறைந்த அப்பாறையின் ஓரத்திலேயே இன்றும் கொடிகள் தளிர்க்கின்றன. “அஞ்சவில்லையா?” என்று வினவினோம். முதிய உழவர் ஒருவர் கரிய மண்ணை ஒரு பிடி அள்ளிக் காட்டி, “இதையும் அம்மலைதானே தந்தது!” என்றார்.