பாலைக்கு ஒரு பாட்டுப்படம்

செவிக்கு இன்பம் பயக்கும் பாட்டைக் கண்ணுக்கும் விருந்தாக்கும் கலை இக்காலத்தில் யாண்டும் பரவி நிற்கின்றது. மூன்று அல்லது நான்கு நிமிடமே ஒலிக்கும் ஒரு பாட்டிற்கென்றே தனியாக எடுக்கப்படும் குறும்படத்தை மியூசிக் வீடியோ என வழங்குவர். இக்கட்டுரையில் அதனைப் பாட்டுப்படம் எனக் குறிப்போம். கைப்பேசியில் பாட்டுப்படம் காணாத மாணவர் நம் கலாசாலையில் ஒருவரும் இரார். ஆயினும், காண்பது வேறு. அஃது எவ்வாறு அமைந்தது எனப் பிரித்து ஆராய்வது வேறு. புதிதாக ஒன்றை அமைக்கத் திட்டமிடுவது அவ்விரண்டினும் வேறு.

தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவராகிய எமக்கு இதில் என்ன தொடர்பு எனச் சிலர் வினவலாம். காட்சித் தொடர்பியல் பயிலும் எம் நண்பர் நால்வர், இவ்வாண்டுப் பயிற்சியின் பகுதியாக, ராக் இசைப் பாட்டு ஒன்றிற்குப் படத்திட்டம் வகுத்துக் கொடுத்தல் வேண்டும். அவருள் ஒருவர் ஞாயிறுதோறும் ஆலயத்தில் கித்தார் வாசிப்பவர். மற்றொருவர் டிரம் முழக்குவதில் வல்லவர். மெட்டு அவரிடம் இருந்தது, சொல் இல்லை. சொல் வேண்டி எம்மிடம் வந்தனர். சொல்லைக் கொடுத்த பின்னர், படத்தைப் பற்றிய ஆராய்ச்சியிலும் யாம் கலந்துகொண்டோம்.

முதலில் பெயரைத் தெளிதல் நன்று. ராக் என்றால் பாறை எனக் கொண்டு, நாமக்கல் நகரின் நடுவே ஒற்றைக் கல்லாய் எழுந்து நிற்கும் கோட்டைப் பாறையின்மீது கித்தாரை ஏற்றிவிட்டால் படம் முடிந்தது என்று நண்பர் ஒருவர் நகையாடினார். இப்பெயர் கல்லைக் குறித்ததன்று; அசைந்தாடுதல் என்னும் வினையைக் குறித்தது. கறுப்பின மக்களின் இசையை வேராகக் கொண்டு 1950களில் அமெரிக்க நாட்டில் செழித்த ராக் அண்டு ரோல் என்னும் இசையின் வழிவந்ததே இஃது. மின்னாற்றலால் அதிரும் கித்தாரும், இடையறாத டிரம் தாளமும், அடக்கி வைத்த உணர்ச்சியை உரத்துக் கூறும் குரலும் இதன் இலக்கணம் எனலாம்.

இவ்விசைக்குப் படம் துணையாய் வந்த வரலாற்றில் 1975ஆம் ஆண்டு நினைக்கத்தக்கது. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில், இங்கிலாந்தின் குவீன் குழுவினர் தம் பொகீமியன் ராப்சடி என்னும் பாட்டிற்கு நான்கே மணி நேரத்தில் ஒரு படம் எடுத்து முடித்தனர். சூழ்ந்த இருளில் நான்கு முகங்கள் தோன்றுகின்றன. ஒரு முகம் பலவாய்ப் பெருகி மறைகின்றது. அவ்வளவே. ஆயினும் அப்பாட்டைக் கேட்டவர் அம்முகங்களை மறந்திலர். 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் அமெரிக்காவில் எம்.டி.வி. என்னும் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபின், பாட்டுப்படம் தனியொரு தொழிலாகவே வளர்ந்தது. பாடுவோரையும் வாசிப்போரையும் காட்டுவது, ஒரு கதையைக் காட்டுவது, இவ்விரண்டையும் மாறி மாறிக் கோப்பது என அவை பெரும்பாலும் மூவகைப்படும்.

நிற்க. பாட்டைப் படமாக்கும் கலை தமிழர்க்குப் புதிதன்று. அக்கலை வளர்ந்த பெருநிலையங்களுள் ஒன்று எம் சேலத்திலேயே இருந்தது. திருச்செங்கோட்டினரான டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் 1937இல் சதி அகல்யாவை வெளியிட்டது. 1938இல் மலையாளத்தின் முதற் பேசும்படமான பாலனை ஆக்கிற்று. 1956இல் அலிபாபாவும் 40 திருடர்களும் என்ற வண்ணப்படத்தைத் தந்தது. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் பிறந்த அந்நிலையத்தின் அரங்குகள் இன்று இல்லை. ஏற்காட்டுச் சாலையில் அதன் வாயில் வளைவு மட்டும் நின்று பழம்பெருமை கூறுகின்றது.

அந்நிலையம் 1950இல் வெளியிட்ட மந்திரிகுமாரியின் மலையுச்சிப் பாட்டையே எம் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டோம். இசை ஜி. ராமநாதன், குரல் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும். கணவன் மனைவியை அழைத்துக்கொண்டு மலையேறுகின்றான். பாட்டை மட்டும் கேட்பார்க்கு அஃது ஓர் இன்ப உலா. குழைவான அழைப்பும் இனிய மறுமொழியுமே செவியில் விழும். கதையறிந்து காண்பார்க்கோ, ஏறும் அடி ஒவ்வொன்றும் நெஞ்சைப் பிசையும். ஏனெனின், கணவன் கள்வன். அவளைக் கீழே தள்ளிக் கொல்லவே அழைத்துச் செல்கின்றான். இறுதியில் அவள் அவனை வலம் வருவாள்போற் பின்னே சென்று, அவனைத் தள்ளிவிடுகின்றாள்.

தமிழ் பயில்வோர்க்கு இக்கதை புதிதன்று. ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசியின் தலைவி பத்திரையின் வரலாறே மு. கருணாநிதியின் எழுத்தில் மந்திரிகுமாரியாக உருவெடுத்தது. அக்காப்பியத்தின் செய்யுட்களிற் சிலவே எஞ்சின. கதையை நீலகேசி உரையினால் அறிகின்றோம். ஏடு இழந்ததை மக்கள் ஒரு பாட்டின் காட்சியால் நினைவில் வைத்திருக்கின்றனர் என்பது வியப்பன்றோ?

இப்பாட்டைப் பலமுறை நிறுத்தி நிறுத்திக் கண்டதில் எமக்குப் புலனாயது ஒன்றே. சொல் கூறியதையே படமும் கூறவில்லை. சொல் இன்பத்தைக் கூற, படம் அச்சத்தைக் காட்டிற்று. இரண்டும் மோதிய இடத்திற் பொருள் பிறந்தது. நிலவு என்று பாடும்போது நிலவையும், மலர் என்று பாடும்போது மலரையும் காட்டும் படங்கள் விரைவில் மறக்கப்படுவதன் காரணமும் விளங்கிற்று. கருப்பொருளை நிலைக்களமாகக் கொண்டு, கூறாத ஒன்றைக் கேட்போன் உள்ளத்தில் விளைவிக்கும் முறையைத் தொல்காப்பியர் உள்ளுறை என்றார். நல்ல பாட்டுப்படம் உள்ளுறையால் அமைவது என்பதே எம் துணிபு.

அணிமைக் காலத்து எடுத்துக்காட்டு ஒன்றும் கண்டோம். 2017ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த சென்னைப் புறம்போக்குப் பாடல் ராக் இசையன்று. கபேர் வாசுகியின் சொற்களை டி. எம். கிருஷ்ணா கருநாடக இசையிற் பாடியது. ஆயினும் அவர் பாடிய இடம் சபையன்று; ஆலைகளால் நலிந்த எண்ணூர்க் கழியின் கரை. அவ்விடமே பாட்டின் சான்றாகி நிற்கின்றது. நிலம் வெறும் பின்னணியன்று. அதுவும் பேசும் என்பதை அதனாற் கற்றோம்.

இனி எம் பாட்டிற்கு வருவோம். எம் தந்தையார் லாரி ஓட்டுநர். ஒரே வண்டியைக் கடனில் வாங்கித் தாமே ஓட்டுபவர். நாமக்கல் வட்டாரத்தில் இஃது அரிய செய்தியன்று. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளாற் பேர்பெற்ற அவ்வூரைச் சுற்றிலும் இத்தகைய வீடுகள் பல உள. சுமை கிடைத்த திசையே அவருக்கு வழி. திங்களில் சில நாளே வீட்டில் தங்குவார். அந்நாட்களிலும் பாதி உறக்கத்திற் கழியும். பொருள்வயிற் பிரிவு எனப் பாடத்தில் யாம் படிப்பதை எம் அன்னையார் படியாமலே அறிவார். அகநானூற்றின் நானூறு பாடல்களுள் இருநூறு பாலைத்திணைக்கு உரியன. அத்துணைப் பாடியும் தீராத அப்பொருளைத்தான் யாமும் எழுதிக் கொடுத்தோம்.

திணை பாலை என்று துணிந்தவுடன் திட்டம் எளிதாயிற்று. முதல், கரு, உரி என மூன்று பத்தி கோடிட்டு, எடுக்க வேண்டிய காட்சிகளை அவற்றின்கீழ் எழுதினோம்.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் கூறும். வடக்கே சேர்வராயன் மலையும் கிழக்கே கொல்லிமலையும் நீலமாய்த் தோன்ற, இடையே வேனிலிற் காய்ந்து கிடக்கும் எம் சமவெளிக்கு இவ்விலக்கணம் நன்கு பொருந்தும். அதன் நடுவே சிறீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் நெடுஞ்சாலை செல்கின்றது. பொழுது நண்பகல். இதனை ஒளிப்பதிவு செய்யும் நண்பர் முதலில் ஒப்பவில்லை. உச்சி வெயிலில் கண்ணின்கீழ்க் கருநிழல் விழும். ஆதலால் காலையும் மாலையுமே படப்பிடிப்பிற்கு ஏற்றவை என்றார். விடையை நிலமே தந்தது. இராசிபுரம் பக்கத்தில் மரவள்ளி மாவைச் சிமெண்டுக் களங்களில் வெள்ளை வெளேரெனப் பரப்பி உலர்த்துவர். அக்களத்தின் ஓரத்தில் நின்றால், வெயில் கீழிருந்து முகத்திற்கு மீண்டு வரும், நிழல் கரையும். உணவுப் பொருளில் கால் படலாகாது என்ற கட்டுப்பாட்டுடன், வாசிப்போரை அக்கள ஓரத்தில் நிறுத்துவது என முடிவாயிற்று.

கருப்பொருள்களுள் பறையும் யாழும் அடங்கும் என்பதை நண்பர்கள் எம்மிடம் கேட்டு மகிழ்ந்தனர். பாலைக்குரிய பறை, வழிப்போக்கரைச் சூறையாடுவோர் கொட்டும் பறை என்பர் உரையாசிரியர். எம் படத்தில் அதன் இடத்தை டிரம்மும் பட்டறைச் சம்மட்டியும் பெறும். இரும்புத் தகட்டில் விழும் அடியோசையிலிருந்தே தாளம் தொடங்கும். யாழ், மின் கித்தார். மரம், சாலையோரத்துப் பனையும் வேம்பும். உணா, வண்டியின் நிழலில் ஓட்டுநர் அடுப்பு மூட்டி வடிக்கும் சோறு. புள் யாது என்பதற்கு, முட்டைக்குப் பேர்பெற்ற நாமக்கல்லில் விடை தேட வேண்டுவதில்லை!

அடுத்தது அளவு. பாட்டு நிமிடத்திற்கு 120 தட்டு நடையில் நான்கு நிமிடம் நிகழும். ஆக 480 தட்டு. ஒரு தட்டிற்கு அரை விநாடி. வினாடிக்கு 24 சட்டகம் வீதம் படமெடுத்தால் தட்டிற்குச் சரியாகப் 12 சட்டகம் அமையும். வெட்டும் இடம் தாளத்தினின்று வழுவாது. சரணங்களுக்கு உரிய 144 விநாடிகளை எட்டு விநாடித் துண்டுகளாகப் பதினெட்டும், பல்லவிக்கு உரிய 72 விநாடிகளை இரண்டு விநாடித் துண்டுகளாக முப்பத்தாறும் ஆக்கினோம். சாலையில் நடந்து பாடும் ஓரிடத்தை மெதுவாகக் காட்ட விரும்பினோம். அங்குப் பாட்டை இருமடங்கு விரைவில் ஒலிக்கவிட்டு, வினாடிக்கு 48 சட்டகம் எடுத்துப் பின்னர் 24ஆக ஓட்டினால், நடை மெதுவாகும். வாயசைவு பாட்டோடு பொருந்தும். எஞ்சிய 24 விநாடியை வெட்டின்றி ஒரே துண்டாக இறுதியில் வைத்தோம்.

அவ்விறுதித் துண்டில் எதைக் காட்டுவது என்பதில்தான் பெருவாதம் எழுந்தது. மலையுச்சிப் பாட்டின் ஆற்றல் அதன் வீழ்ச்சியில் அன்றோ உளது? சாலைப் பாட்டும் ஒரு வீழ்ச்சியில் முடிதல் வேண்டும். லாரி கவிழ்ந்து கிடக்க, சக்கரம் மட்டும் சுழன்றுகொண்டிருப்பதாகக் காட்டுவோம் என இயக்கும் நண்பர் கூறினார். காட்சி வலியது என்பதில் ஐயமில்லை. யாம் மறுத்தோம். அங்கு வீழ்ந்தவன் கொலைஞன். அவன் வீழ்ச்சி கதையின் நீதி. இங்குச் செல்பவர் பிள்ளைகளின் பொருட்டு உழைப்பவர். இரவில் கைப்பேசி ஒலித்தால் முதலில் நெஞ்சில் கைவைக்கும் வீடுகளில், அக்காட்சியை யார் காண வல்லார்? மேலும், இல்லாத ஒன்றை நடித்துக் காட்டுவதினும் இருப்பதைக் காட்டுவது வலியது என்றோம்.

இருப்பது இதுவே. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுங்கச்சாவடிகளில் பாஸ்டேக் கட்டாயமாயிற்று. எம் வண்டியின் கணக்கிற்குரிய கைப்பேசி அன்னையாரிடம் இருக்கின்றது. தந்தையார் ஒவ்வொரு சாவடியைக் கடக்கும்போதும் இங்கே ஒரு சிற்றொலி எழும். எவ்வளவு பணம் கழிந்தது என்று செய்தி வரும். பிறர்க்கு அது கணக்கு. அன்னையார்க்கு, அவர் நலமாய்ச் செல்கின்றார் என்னும் தூது. சங்கத்துத் தலைவி சுவரிற் கோடிட்டு நாள் எண்ணினாள். பல்லியின் சொல்லை நற்சொல்லாகக் கேட்டாள். எம் தங்கை நாட்காட்டியிற் சாவடிகளின் பெயரை எழுதி வைக்கின்றாள். இரவுக் குடும்ப ஜெபத்தில் தந்தையார் பெயரோடு வண்டியின் எண்ணையும் சேர்த்துச் சொல்கின்றாள்.

நண்பர்களை விடுமுறையில் எம் வீட்டிற்கு அழைத்துச் சென்று, எடுக்க இசைவு தருமாறு அன்னையாரை வேண்டினோம். அவர் நெடுநேரம் ஒன்றும் கூறவில்லை. பின்னர், “முகம் வேண்டாம் கண்ணு, கை மட்டும் எடுத்துக்கோங்க. வண்டி கவுந்தமாதிரி மட்டும் எடுக்காதீங்க, வெளையாட்டுக்குக்கூட வேண்டாம்,” என்றார். இயக்கும் நண்பர் தம் குறிப்பேட்டைத் திறந்து அவ்வரியை அங்கேயே அடித்தார்.

ஆதலால் எம் திட்டத்தின் ஐம்பத்தைந்தாம் துண்டு இவ்வாறு முடிகின்றது: டிரம்மும் கித்தாரும் ஓய்கின்றன. இருண்ட அறை, சுவர்ப் பலகையில் கைப்பேசி. இருபது விநாடி ஒன்றும் நிகழவில்லை. சிற்றொலி எழுகின்றது, ஒளியில் ஒரு கை தோன்றி, நாட்காட்டியில் ஓர் ஊர்ப்பெயரை எழுதுகின்றது.

திட்டம் நிறைவேறிவிட்டது. படப்பிடிப்பு வரும் வேனில் விடுமுறையில் நிகழும். தந்தையார் வீட்டில் தங்கும் நாள் ஒன்று வாய்த்தால், வண்டியும் அவரும் அதில் இடம்பெறுவர். படம் முற்றுப்பெற்றுக் கலாசாலை மண்டபத்திற் காட்டப்படும் அன்று, அன்பர்கள் அனைவரும் வந்து கண்டு குணமும் குற்றமும் கூறியருள்வார்களாக.