அறுபதில் பின்னம்

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இல் தொலைநிலைக் கல்வியைத் தொடங்கியது. அதன் மதிலோரம் வாழ்ந்தும் நாம் கணக்கைத் தொடவில்லை. அறுபதைக் கடந்தபின், நடுவண் அரசு 2017-இல் தொடங்கிய ‘ஸ்வயம்’ வழியே கைப்பேசியில் அடிப்படைக் கணிதம் பயில்கிறோம்.

அரையையும் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று பள்ளியில் எழுதினோம். “உனக்குக் கணக்கு வராது” என்றார் ஆசிரியர். அச்சொல்லை வேதவாக்காகவே சுமந்தோம். இன்று இரண்டையும் ஆறின் பங்குகளாக்கி, மூன்றும் இரண்டும் ஐந்து, ஆகவே ஆறில் ஐந்து என்கிறோம்.

நான்கு முறை கேட்டாலும் திரை சலிப்பதில்லை. நாம் தடுமாறும் இடத்தை அது காண்பதுமில்லை. “தாத்தா, கீழே இருப்பதைக் கூட்டக் கூடாது” எனப் பேத்தியே திருத்தினாள்.

மறைக்கல்வி வகுப்பில் நம்மிடம் பயிலும் சிறுவன் ஒருவனைச் சென்ற ஆண்டு ‘மந்தம்’ என்று குறித்துவைத்தோம். ஞாயிறன்று அவனருகே அமரவேண்டும்.