புலி வருது!

கல்யாண வீட்டுப் பந்தியைக் கவனித்திருக்கிறீர்களா? சாம்பார் அண்டா காலியான பிறகு வந்து ‘தீர்ந்துபோச்சு’ என்று கையை விரிப்பவர் நல்ல சமையல்காரர் இல்லை. கால்வாசி இருக்கும்போதே பெண்ணின் அப்பாவைத் தேடி வந்து, “இன்னும் எத்தனை பந்தி சார் வரும்?” என்று காதைக் கடிப்பவர்தான் விவரமானவர்.

கம்ப்யூட்டருக்குள்ளும் இப்படி ஒரு ஆசாமி உண்டு. மெமரி குறைய ஆரம்பித்ததும், ‘இடம் போதலை, கொஞ்சம் அடக்கி வாசிங்க’ என்று புரோகிராம்களுக்குத் தகவல் சொல்லுவார். லோ மெமரி நோட்டிஃபிகேஷன் என்று பெயர். ஒழுங்கான புரோகிராம் என்றால், எதற்கும் இருக்கட்டும் என்று பிடித்து வைத்திருக்கும் படம், பழைய பக்கம் எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டு இடம் கொடுக்கும். காதில் வாங்காத புரோகிராம் கவிழும், அல்லது கவிழ்க்கப்படும்.

என் அக்கா மகள் பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் செய்கிறார்கள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்களைத் தயார் செய்யும் சர்வர் அவள் பொறுப்பு. மெமரி குறைகிறது என்று தகவல் வந்தால், அந்த சர்வர் புது வேலை எதையும் ஏற்காமல், கையில் இருக்கும் ரிப்போர்ட்களை முதலில் பத்திரப்படுத்த வேண்டும். தகவல் வராவிட்டால் கையில் இருப்பது அத்தனையும் போச்சு. யாரோ ஒரு நோயாளியின் கையில் மறுபடி ஊசி.

இந்த ஏற்பாடு வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு தானியங்கி டெஸ்ட். வேண்டுமென்றே மெமரியை நிரப்புவது, இரண்டு விநாடி காத்திருப்பது, தகவல் வந்ததா என்று பார்ப்பது. அவ்வளவுதான். பத்துத் தடவை ஓட்டினால் ஒன்பது தடவை பாஸ், ஒரு தடவை ஃபெயில்.

“எல்லாரும் ‘அது அப்படித்தான், இன்னொரு தடவை ஓட்டு’ங்கறாங்க மாமா. எனக்கு மனசு ஒப்பலை” என்றாள்.

இது அவர்கள் கம்பெனியின் தனிச் சொத்து இல்லை. தன்னிடம் உள்ள டெஸ்ட்களில் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இந்தச் சபல புத்தி ஓரளவாவது இருக்கிறது என்று கூகுளே 2016-ல் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஃப்ளேக்கி டெஸ்ட் என்பார்கள். நம் ஊர்க் கதையில் சொன்னால், ‘புலி வருது’ பையன்.

அவள் தோண்டத் தொடங்கினாள். முதலில் அகப்பட்டது அந்த இரண்டு விநாடி. அவர்கள் சர்வர் ஜாவாவில் எழுதியது. 2004-ல் வந்த ஜாவா 5-லிருந்தே இந்த வசதி இருக்கிறது. இவ்வளவு நிரம்பினால் சொல்லு என்று ஒரு கோடு கிழித்துவிட்டால், மெமரி அந்தக் கோட்டைத் தாண்டும்போது தகவல் வரும். ஆனால் அந்தத் தகவல் ஓர் உதவியாள் மூலமாகத்தான் வருகிறது. மெஷினில் பக்கத்திலேயே வேறு நாலு டெஸ்ட்கள் ஓடி, சந்தடியாக இருந்தால் அவருக்கு மூன்றாவது விநாடிதான் மூச்சு விட நேரம் கிடைக்கும். பத்து விநாடி காத்திருந்தால்? எல்லா நாளும் பத்து விநாடி வீண், என்றாவது ஒருநாள் அதுவும் போதாது. கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தகவல் வந்த அந்தக் கணமே முடித்துக்கொள், ஒரு நிமிடம் ஆகியும் வராவிட்டால் மட்டும் ஃபெயில் என்று மாற்றினாள்.

அடுத்தது, இலை எடுக்கும் ஆள். ஜாவாவில் யாரும் பயன்படுத்தாத மெமரியை கார்பேஜ் கலெக்டர் வந்து சுத்தம் செய்துவிடும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. டெஸ்ட் கஷ்டப்பட்டு மெமரியை நிரப்பிக்கொண்டே இருக்க, ‘இதை யாரும் தொடவில்லையே’ என்று இது பின்னாலேயே எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தால் கோட்டை எப்படித் தாண்டும்? நிரப்பியதைக் கடைசி வரை விடாமல் பிடித்துக்கொள்ளும்படி மாற்றினாள்.

இப்போது ஃபெயில் குறைந்தது. ஆனால் ஒழியவில்லை. ஐம்பதில் ஒன்று.

இந்த இடத்தில் நானாக இருந்தால் கும்பிடு போட்டிருப்பேன். அவள் விடவில்லை. டெஸ்ட் மேல் சந்தேகப்பட்டது போதும், சர்வரைப் பார்ப்போம் என்று திரும்பினாள். அங்கே இரண்டு வரிகள். முதல் வரி கோட்டைக் கிழிக்கிறது. இரண்டாவது வரி, ‘தகவல் வந்தால் எனக்குச் சொல்லு’ என்று பெயர் கொடுக்கிறது. சர்வர் கிளம்பும்போது இன்னொரு பக்கம் பழைய ரிப்போர்ட்களும் மெமரியில் ஏறிக்கொண்டிருக்கும். அந்த இரண்டு வரிக்கும் நடுவில், கண்ணிமைக்கும் நேரத்தில், மெமரி கோட்டைத் தாண்டிவிட்டால்? தகவல் கிளம்பும், வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது. இதில் இன்னொரு சங்கதி: கோட்டைத் தாண்டும்போது ஒரே ஒரு தடவைதான் சொல்லும். மறுபடி கீழே இறங்கி, மறுபடி ஏறினால்தான் அடுத்த தகவல். அதுவரை சர்வருக்கு ஆபத்து தெரியவே தெரியாது.

உறுதி செய்ய, இரண்டு வரிக்கும் நடுவில் வேண்டுமென்றே ஒரு தாமதத்தைச் சொருகினாள். ஐம்பதில் ஒன்றாக இருந்த ஃபெயில், ஐம்பதுக்கு ஐம்பது ஆனது. “மாமா, எல்லாமே ஃபெயில்!” என்று போனில் கூவினாள். இந்தத் தொழிலில் மட்டும்தான் ஃபெயிலானதற்கு ஸ்வீட் கொடுப்பார்கள்.

பரிகாரம் சின்னது. வரிகளை இடம் மாற்றினாள். முதலில் பெயர் கொடுப்பது, பிறகு கோடு கிழிப்பது. பெயரே கொடுக்காமல் தந்திக்குக் காத்திருந்தால் எப்படி என்பது நமக்குச் சுலபமாகத் தெரிகிறது. இரண்டாயிரம் வரிகளுக்கு நடுவில் இருந்தால் தெரியாது.

யோசித்துப் பாருங்கள். அத்தனை நாளும் அந்த டெஸ்ட் கத்திய கத்தலில் பெரும்பாலானவை வெறும் கூச்சல். சிலது நிஜம். கூச்சலோடு கூச்சலாக நிஜத்தையும் சேர்த்து, ‘இன்னொரு தடவை ஓட்டு’ என்று அமுக்கிக்கொண்டிருந்தார்கள். ‘புலி வருது’ கதையில் நாம் எப்போதும் பையனைத்தான் திட்டுகிறோம். கடைசித் தடவை நிஜமாகவே புலி வந்தபோது, திரும்பிப் படுத்துக்கொண்ட ஊர்க்காரர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

நான் பி.காம். படித்தவன். எங்கள் பாடத்தில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. டிரையல் பேலன்ஸில் பற்றும் வரவும் பொருந்தாமல் பத்து ரூபாய் இடித்தால், தற்காலிகமாக அதில் போட்டு வைக்கலாம். பத்து ரூபாய்தானே என்று விட்டுவிட ஆசையாக இருக்கும். ஆனால் ஒரு பக்கம் பத்தாயிரம் ரூபாய் தப்பும், இன்னொரு பக்கம் 9,990 ரூபாய் தப்பும் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு நின்றாலும் வெளியே தெரியும் வித்தியாசம் அதே பத்து ரூபாய்தான்.

தற்காலிகம் என்ற வார்த்தையை அந்தக் கணக்கின் தலையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத்தான் எல்லோரும் படிக்காமல் தாண்டுகிறார்கள்.