மஞ்சள் விளக்கு

மோட்டார் சைக்கிளைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வாலிபத்தில் ஒரு பழைய ராஜ்தூத் வைத்திருந்தேன். மழை நாளில் அது நடுரோட்டில் நின்றுவிடும். பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, பாயிண்டுகளின் நடுவே உப்புத்தாளை விட்டு இரண்டு இழுப்பு இழுத்து உதைத்தால் கிளம்பிவிடும். பக்கத்தில் நின்றவர்கள், "கதை எழுதுகிற மனுஷனா இவர்!" என்று வியந்ததாக எனக்கு ஞாபகம். ஒருவரும் வியக்கவில்லை என்பது என் மனைவியின் ஞாபகம்.

என் மகன் தாம்பரத்திலிருந்து படப்பை வழியாக ஒரகடத்துக்கு வேலைக்குப் போகிறவன். அவன் வண்டி 2021-ல் வாங்கியது. சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன் பிரேக் கிறீச்சிடுகிறது, கடையில் விடவேண்டும் என்றான். "கடை எதற்கு? நான் இருக்கிறேனே" என்றேன். அவன் மறுக்கவில்லை. பெற்றவன் ஆசையைக் கெடுப்பானேன் என்று நினைத்திருக்கலாம்.

மத்தியானம் முழுவதும் வேலை செய்தேன். பிரேக் காலிப்பரைக் கழற்றி, பேடுகளைத் தேய்த்து, கிழிந்த வேட்டித் துணியால் எல்லாவற்றையும் துடைத்தேன். பக்கத்தில் சுண்டுவிரல் நுனி போல் கறுப்பாக ஒன்று, ஒயரோடு நீட்டிக்கொண்டிருந்தது. கைக்கு இடைஞ்சலாக இருந்ததால் அதையும் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினேன்.

ஓட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை. ஆனால் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. சாவியைத் திருப்பினால் அது எரிவதும், வண்டி நகர்ந்து சற்று வேகம் பிடித்ததும் அணைந்துவிடுவதும் வழக்கம். அன்று தெருக்கோடிக்குப் போய்த் திரும்பியும் அணையவில்லை.

அது ஏ.பி.எஸ். விளக்கு. பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் நின்றுவிட்டால் வண்டி வழுக்கும் அல்லவா? அப்படி நிற்கப் போகிற சமயத்தில் பிடியைக் கண நேரம் தளர்த்தி மறுபடி பிடிக்கிற ஏற்பாடு அது. மோட்டார் சைக்கிளில் இதை 1988-ல் ஜெர்மன்காரர்கள் பி.எம்.டபிள்யூ. கே-100 வண்டியில் கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்குக் கட்டாயமாயிற்று. சக்கரத்தோடு துளைகள் போட்ட ஓர் இரும்பு வளையம் சுற்றுகிறது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கும் சென்சார், துளைகள் கடந்து போவதைக் காந்த சக்தியால் உணர்ந்து வேகத்தைத் தெரிவிக்கிறது. அந்தக் கணக்கு வராவிட்டால் ஏ.பி.எஸ். தன் வேலையை நிறுத்திக்கொண்டு விளக்கை ஏற்றிவிடும். சாதாரண பிரேக் மட்டும் இருக்கும்.

இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது ஃப்யூஸ்தான். அதைப் பிடுங்கிப் பார்த்தேன், நன்றாயிருந்தது. பாட்டரித் திருகாணிகளை முறுக்கினேன். சீட்டுக்கு அடியில் கண்ணில் பட்ட கனெக்டர்களையெல்லாம் கழற்றிக் கழற்றிச் செருகினேன். விளக்கு எரிந்தது. வண்டி செய்தவனையும் கம்ப்யூட்டர் கண்டுபிடித்தவனையும் திட்டினேன். அப்போதும் எரிந்தது. கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஓர் அங்குலம் கிழித்து அதன் மேல் ஒட்டிவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. டேப்பைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரவு சாப்பிடும்போது, "வண்டி ஆச்சாப்பா?" என்றான் மகன்.

"ஆச்சு. சத்தமே இல்லை."

சத்தம் இல்லைதானே? சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அவனுக்கு மறுநாள் முதல் ஷிப்ட்; ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். சீக்கிரம் படுத்துவிட்டான். பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது.

ஏ.பி.எஸ். இல்லாமல் நான் முப்பது வருஷம் ஓட்டவில்லையா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மைதான். அந்த முப்பது வருஷத்தில் இரண்டு தடவை விழுந்ததும் உண்மை. அப்போது ரோட்டில் இத்தனை லாரி இல்லை. படப்பைப் பக்கம், இருட்டில், ஈர ரோட்டில், குறுக்கே ஒரு மாடு வந்தால் அவன் தன் வண்டியை நம்பித்தான் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பான். எத்தனை புரண்டு படுத்தும் அந்த மாடு என் கண்ணை விட்டுப் போகவில்லை.

நாலரை மணிக்கு அவன் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன். என்மேல் கோபித்துக்கொள்வான் என்று எதிர்பார்த்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு, "ராத்திரியே சொல்லியிருந்தா அலாரத்தை அரை மணி முன்னாடி வெச்சிருப்பேனேப்பா" என்றான். குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

கடை திறந்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். மெக்கானிக்குக் கிட்டத்தட்ட என் மகன் வயதுதான். ஃப்யூஸ், பாட்டரி, கனெக்டர் என்று நான் அடுக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான். பிறகு, "அதெல்லாம் விளக்கு எரிஞ்சதுக்கு அப்புறம் பண்ணினது சார். அதுக்கு முன்னாடி எதைக் கழட்டினீங்க?" என்றான்.

காலிப்பர் என்றேன்.

"வேற?"

"வேறொன்றும் இல்லை."

அவன் முன் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தான். "சென்சார் போல்ட்டுல ஸ்பானர் பட்ட தடம் புதுசா இருக்கே சார்" என்றான். மறந்துபோனேன் என்று சொன்னேன். சத்தியமாக மறந்துதான் போயிருந்தேன். எது எதையோ சந்தேகப்பட்ட எனக்கு, என் கை பட்ட இடத்தில் மட்டும் சந்தேகம் வரவில்லை.

ஒரே ஒரு போல்ட். சென்சாரை வெளியே இழுத்தான். அது உட்காரும் இடத்தில் கிரீஸோடு கிரீஸாக ஒட்டி மடிந்து கிடந்தது, நகக்கண் அளவு வேட்டித் துணி. அதன் தடிப்பில் சென்சார் சாய்ந்து வளையத்தை விட்டு விலகி நின்றிருக்கிறது. முனையில் மீசை போல இரும்புத் தூள் வேறு; உள்ளே காந்தம் இருப்பதால் நான் தேய்த்த தூளெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. துடைத்து மாட்டினான். சாவியைத் திருப்பினேன். விளக்கு எரிந்தது! என் முகத்தைப் பார்த்து அவன் சிரித்துவிட்டான். "கொஞ்சம் ஓட்டினாத்தானே சார் அதுக்குத் தெரியும்?"

பிள்ளையார் கோயில் திருப்பம் வருவதற்குள் விளக்கு அணைந்தது.

சாயங்காலம் மகன் நனைந்துகொண்டு வந்தான். வண்டி சரியாகிவிட்டது, விளக்கு அணைந்துவிட்டது என்றேன். "சரிப்பா" என்றான். காபியைக் குடித்துவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக்கொண்டு, அந்தத் தூறலிலேயே தெருக்கோடி வரை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.