வேனில் காலத்தில் ஒரு வேனில்

மே முதல் வாரம் நாங்கள் போய்வந்த மலைப் பயணத்தின் படங்களைப் போட்ட நாளிலிருந்து, விவரமாக எழுதுங்கள் டீச்சர் என்று பலர் கேட்டுவிட்டீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

போனவர்கள் 11 பேர். 1977 முதல் 79 வரை ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஆறு பேர். வீட்டுக்காரர்கள் மூன்று பேர். ஒரு தோழியின் பேரன், கல்லூரியில் படிக்கிறான். இந்தக் காலத்தில் போன் பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளை இல்லாமல் வாசற்படி தாண்ட முடியாது. பதினோராவது ஆள் எங்கள் ஹெச்.எம். அக்கா. வயது 74. நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் எனக்குச் சீனியர், பிறகு தலைமையாசிரியர். இந்தப் பதிவே பாதிக்கு மேல் அவரைப் பற்றியதுதான்.

அமெரிக்காவில் இருக்கும் என் மகன் போன கோடையில் குடும்பத்தோடு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போனான். ஆர்.வி. என்று ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வீட்டையே சக்கரத்தின் மேல் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது. உள்ளே அடுப்பு, குளிர்ப்பெட்டி, கட்டில், மேஜை எல்லாம் இருந்தன. வீடியோவில் வெந்நீர் ஊற்று பீறிடுவதும் காட்டெருமை கூட்டமாகச் சாலையைக் கடப்பதும் வந்தன. எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தோம். ஹெச்.எம். அக்கா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வண்டிக்குள்ளேயே பாத்ரூம் இருக்கா?"

இருக்கிறது என்றேன். "அப்படி ஒண்ணு இருந்தா நானும் வருவேன்" என்றார்.

அவருக்குச் சர்க்கரை. முழங்கால் இரண்டும் மடங்காது. ஆறு வருடமாக எந்தச் சுற்றுலாவுக்குக் கூப்பிட்டாலும் "எனக்கு வெளியூர் தண்ணி ஒத்துக்காது" என்றுதான் பதில் வரும். தண்ணீர் காரணமே இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வெளியூர் போகிற அன்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்பும் பெண்கள் இதைப் படிப்பவர்களில் எத்தனை பேர் இருப்பீர்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆசிரியைகளுக்கு இது முப்பது வருடப் பழக்கம். பள்ளிக்கூடக் கழிப்பறை இருந்த லட்சணத்தில், சாயந்திரம் வீட்டுக்கு வந்துதான் ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்போம்.

சரி, நாமே ஒரு கேரவன் செய்துவிடலாம் என்று முடிவெடுத்தோம். பெருங்களத்தூரில் 17 இருக்கை உள்ள வேன் கிடைத்தது. பின்னால் ஒரு ஒற்றை இருக்கையைக் கழற்றித் தர உரிமையாளர் சம்மதித்தார். மேற்கு தாம்பரத்தில் ஒரு சர்ஜிகல் கடையில் மடக்குகிற கமோடு நாற்காலி வாங்கினோம். மூடியோடு வாளி, உள்ளே விரிக்க ஈரம் உறிஞ்சும் விரிப்பு. என் பழைய சுங்குடிச் சேலை திரை ஆயிற்று. டிரைவர் தம்பி முதலில் சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும், "எங்க அம்மாவும் இதனாலதான் திருப்பதிக்கு வர மாட்டேங்கிறாங்க டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே தானே கம்பி வளைத்துக் கயிறு கட்டிக் கொடுத்தார்.

வழக்கமாக நம் ஊர் டூரிஸ்ட் வேன் என்றால் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் ஏறும். நான் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையத்தில், சுற்றுலாப் பெட்டிக்குள் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் ஓடுகிற வண்டியில் நெருப்பை ஏற்றுவானேன்? முதல் நாளுக்குப் புளியோதரை, தயிர்சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. மற்ற நாட்களுக்குச் சமையலறை உள்ள தங்குமிடங்களாகப் பார்த்து எடுத்தோம்.

மே 4, ஞாயிறு விடியற்காலை தாம்பரத்தில் கிளம்பி இரவு மேட்டுப்பாளையத்தில் தங்கினோம். நெடுஞ்சாலைக் கதை ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சேலம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் கழிப்பறைக்குப் பூட்டு. சாவி மேனேஜரிடம், மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார். நாங்கள் ஆறு ஆசிரியைகள் வரிசையாக நின்று அந்தப் பையனைப் பார்த்த பார்வையில் சாவி இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. ஹெச்.எம். அக்கா மட்டும் இறங்கவே இல்லை. அங்கே படி உயரம். திரையை இழுத்துவிட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு டம்ளர் மோர் வாங்கிக் குடித்தார். அவர் பயணத்தில் மோர் குடித்ததை அன்றுதான் பார்த்தேன்.

திங்கள் காலை கல்லாறு சோதனைச் சாவடி. நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும் என்பது தெரியும்தானே? சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-இல் தொடங்கியது. 2025 ஏப்ரலிலிருந்து வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்துவிட்டது. ஊட்டிக் கடைக்காரர்கள் எதிர்த்துக் கடையடைப்பு நடத்தினார்கள். எங்கள் வேனிலும் சண்டை. "நம்ம நாட்டு மலைக்கு நாம போக பாஸா?" என்று ஒரு தோழியின் வீட்டுக்காரர் குன்னூர் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார்.

வரம்பு வேண்டும் என்பதுதான் என் கட்சி. குன்னூர்ச் சாலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் நகராமல் நின்று பார்த்தவர்களுக்குப் புரியும். ஆனால் அந்தக் கணக்கில் எனக்கு ஒரு குறை. எங்கள் வேனில் டிரைவரைச் சேர்க்காமல் 11 பேர். முன்னால் நின்ற பெரிய காரில் இரண்டு பேர். பாஸ் கணக்கில் இரண்டும் ஒவ்வொரு வண்டிதான். நாலாம் வகுப்புக் கணக்காகவே போடுங்கள்: இரண்டு இரண்டு பேராக 6,000 காரில் வந்தால் 12,000 பேர். அதே 12,000 பேர் எங்களைப்போல வந்தால் 1,100 வேன்கூட வேண்டாம். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்குப் பாஸ் தேவையில்லை என்று வைத்திருப்பது நல்ல விஷயம். நிறைய பேராக ஒரே வண்டியில் வருபவர்களுக்கும் ஒரு முன்னுரிமை கொடுத்தால் என்ன?

ஊட்டியைப் பற்றி எழுதப் போவதில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒன்று மட்டும்: ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் அங்கே தடை. எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

புதன்கிழமை கூடலூர் வழியாக முதுமலை. கல்லட்டி இறக்கத்தில் வெளியூர் வண்டிகளை விடுவதில்லை, சுற்றித்தான் போக வேண்டும். முதுமலை 1940-இலேயே சரணாலயமாகி, 2007-இல் புலிகள் காப்பகம் ஆனது. காப்பகத்துக்குள் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. இந்த விதியைப் படிக்கும்போது எல்லோரும் புலியை நினைப்பார்கள், நாங்கள் வேறு ஒன்றை நினைத்தோம். நினைத்த மாதிரியே ஆயிற்று. தெப்பக்காட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. யானைக் கூட்டம் ஒன்று சாலையோரம் மூங்கிலை ஒடித்துத் தின்றுகொண்டிருந்தது. குட்டியும் இருந்ததால் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. முப்பது, நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். ஹெச்.எம். அக்கா என் தோளைத் தொட்டார். நான் எழுந்து திரையை இழுத்தேன். டிரைவர் தம்பி யாரும் சொல்லாமலே பாட்டை வைத்தார். ஆண்கள் மூவரும் யானையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. திரையை விலக்கிக்கொண்டு வந்த அக்கா தன் இருக்கையில் உட்கார்ந்து, "இப்பத்தான் யானை நல்லாத் தெரியுது" என்றார்.

வாளியை என்ன செய்தீர்கள் என்று கேட்பீர்கள். காட்டில் எதையும் கொட்டவில்லை. ராத்திரி தங்குமிடத்தில் கழிப்பறையில் ஊற்றிக் கழுவுவோம், ஆளுக்கு ஒரு நாள் முறை. ஆர்.வி.யிலும் அப்படித்தானாம். கழிவுத் தொட்டியை அதற்கென்று உள்ள இடத்தில்தான் காலி செய்ய வேண்டும். என் மகன் கையுறை போட்டுக் குழாயைப் பிடித்தானாம். ஐ.டி. கம்பெனி மேனேஜர்! கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

தெப்பக்காடு முகாமில் யானைகளுக்கு ராகி, கொள்ளு, வெல்லம் எல்லாம் சேர்த்து உருட்டிக் கொடுப்பதைப் பார்த்தோம். 2023-இல் ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படத்தில் வந்த பொம்மனும் பெள்ளியும் குட்டி யானை வளர்த்தது இங்கேதான்.

மறுநாள் இறங்கி உடுமலைப்பேட்டையில் தங்கி, வெள்ளிக்கிழமை சின்னார், மறையூர் வழியாக மூணாறு சாலை. சந்தன மரங்களுக்கு வேலி போட்டுக் காவல் காக்கும் ஊர் மறையூர். வெல்லம் வாங்கினோம், அருமை. மூணாற்றுக்கு முன்னாலேயே இரவிகுளம் தேசியப் பூங்கா வந்துவிடும். எனக்கு இந்தப் பயணமே அதற்காகத்தான்.

முப்பத்தெட்டு வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்: மாநில மரம் பனை, மாநில மலர் செங்காந்தள், மாநிலப் பறவை மரகதப்புறா, மாநில விலங்கு வரையாடு. பனை மரத்தைத் தினமும் பார்க்கிறோம். வரையாட்டைப் பாடப்புத்தகப் படத்தில் தவிரப் பார்த்ததில்லை. வரை என்றால் மலை, மலையில் வாழும் ஆடு, அவ்வளவுதான் நான் சொல்லிக்கொடுத்தது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இருந்தவை 1,031. நம் முக்கூர்த்தி தேசியப் பூங்காவே அதற்காக ஏற்பட்டதுதான், ஆனால் அங்கே நம்மைப் போன்றவர்கள் நினைத்த நேரத்தில் போக முடியாது. ஒரே இடத்தில் அதிகமாக இருப்பது இரவிகுளத்தில். ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைகளின் வேட்டைக்காடு அது. வேட்டைக்கு விலங்கு மிச்சம் வேண்டுமே என்று அவர்கள் சங்கம் வைத்து, முதுவர்களைக் காவலுக்குப் போட்டார்கள். அதே காவலில்தான் வரையாடு பிழைத்தது. 1975-இல் சரணாலயம், 1978-இல் தேசியப் பூங்கா.

இரவிகுளத்தில் நம் வண்டி கீழேயே நின்றுவிட வேண்டும். வனத்துறைப் பேருந்தில்தான் ராஜமலைக்கு ஏற முடியும். குட்டி போடும் காலமான பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவையே மூடிவிடுவார்கள். 97 சதுர கிலோமீட்டரில் நமக்குத் திறந்திருப்பது ஒரு மூலைதான். அமெரிக்காவிலும் இப்படி உண்டு. குளேசியர் பூங்காவின் மலைச்சாலையில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டியை விடுவதில்லை. சயான் பூங்காவில் சீசன் நேரத்தில் பள்ளத்தாக்குச் சாலைக்குப் பூங்காப் பேருந்துதான்.

பேருந்து இறக்கிவிட்ட இடத்திலிருந்து மேலே நடக்க வேண்டும். அக்காவால் முடியாது. "நீங்க போங்க, நான் இங்கேயே மலையைப் பார்த்துக்கிட்டு உட்கார்றேன்" என்றார். பேரனை அவருடன் விட்டுவிட்டு நாங்கள் ஏறினோம். ஒரு மணி நேரம் மூச்சு வாங்க நடந்தோம். பனிமூட்டம். தூரத்துப் பாறையில் பழுப்பாக ஏதோ அசைந்தது. அதுதான் என்று ஒருவர் சொன்னார், கல் என்று இன்னொருவர் சொன்னார். இறங்கி வந்தால், சாலையோரச் சுவரில் அக்கா உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பத்தடி தள்ளி ஒரு தாய் ஆடும் குட்டியும் புல் மேய்ந்துகொண்டிருக்கின்றன. குட்டிக்கு மூன்று மாதம் இருக்கும். தாயின் கொம்பு பின்னால் வளைந்திருந்தது. பேரன் வாயில் விரலை வைத்துச் சைகை காட்டினான். நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம்.

"அரை மணி நேரமா இங்கதான் இருக்கு" என்று அக்கா மெதுவாகச் சொன்னார். "நோட்டுல எழுதிக்கோ, மாநில விலங்கு கேரளாவுல இருக்கு."

கேரளாவில் 2021-இலேயே கேரவன் சுற்றுலாத் திட்டம் வந்துவிட்டது. வாகமண்ணில் அதற்கென்று ஓர் இடமும் திறந்தார்கள். நம் அரசின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் இருக்கிறது. வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதன் வாடகை பென்ஷன்காரர்களுக்குக் கட்டுமா? அதற்கு முன்னால் ஒவ்வொரு மலைச் சோதனைச் சாவடியிலும் படி இல்லாத, கைப்பிடி உள்ள, தண்ணீர் வருகிற ஒரு கழிப்பறை கட்டினால் போதும். எப்படியும் எல்லா வண்டியும் அங்கே நின்றுதானே ஆகவேண்டும். மனு எழுதி வைத்திருக்கிறேன். தோழிகள் கையெழுத்துப் போட்டாயிற்று, சுற்றுலாத் துறைக்கும் வனத்துறைக்கும் அடுத்த வாரம் அனுப்புகிறேன். நீங்களும் சேர வேண்டும் என்றால் பின்னூட்டத்தில் பெயர் போடுங்கள்.

திரும்பி வரும்போது போடிமெட்டு இறக்கத்தில் அக்காவிடம் சொன்னேன், இரவிகுளத்தில் 2018-இல் குறிஞ்சி பூத்தது, அடுத்து 2030-இல் பூக்கும் என்று. "அப்ப எனக்கு 79. நாற்காலியைத் தூக்கிப் போட்டுடாதே" என்றார்.

போடவில்லை. நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்து, எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் பக்கம் யாராவது வீட்டில் பெரியவர்களை வெளியூர் அழைத்துப் போவதாக இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். வந்து எடுத்துக்கொண்டு போகலாம், வாடகை வேண்டாம். திரைச் சேலையும் தருகிறேன்.