அப்பச்சோடாவும் இமாம் நவவியும்

அப்பச்சோடா அப்பத்தைப் பொங்க வைக்கும், நெஞ்செரிவை அடக்கும். லெப்டொப்புக்குள் அதற்கென்ன வேலை என்பதைக் கல்முனையில் ஒரு திருத்தும் கடையில்தான் தெரிந்துகொண்டேன். மருமகனுடைய மெஷினின் அடித்தட்டைக் கழற்றி, பிணைச்சல் பூட்டியிருந்த மூலையில் டோர்ச் அடித்தான் கடைப் பொடியன். கறுப்புப் பிளாஸ்டிக்குக்கு நடுவே வெள்ளையாய், சொரசொரப்பாய் ஒரு கட்டி.

“சூப்பர் குளூவ ஊத்தி, காயமுன்ன அப்பச்சோடாவத் தூவிட்டா அந்த நிமிசமே கல்லாப் போயிடும் காக்கா. எல்லாரும் செய்யிற வேலதான்.”

கல்லாகும் என்பது உண்மை. ஆனால் கல்லுக்கு நெளிந்து கொடுக்கத் தெரியாது. லெப்டொப்பின் பிணைச்சல், கதவுப் பிணைச்சலைப் போல ஆடித் திரிகிற சாமானும் அல்ல. மூடியை விட்ட இடத்தில் அது நிற்க வேண்டும். அதற்காக ஓர் உருக்குத் தண்டில் மெல்லிய தகடுகளை இறுக்கி, உராய்விலேயே பிடித்து வைக்கிறார்கள். இடையில் கிரீஸ். வருசம் போகக் கிரீஸ் காய்ந்து தண்டு இறுகும். இறுகிய மூடியைத் திறக்க நாம் கொடுக்கிற பலம் முழுவதும், கீழே பிளாஸ்டிக்குக்குள் சூடாக்கிப் பதித்திருக்கும் சின்னச் சின்னப் பித்தளைக் குமிழ்களில் போய் இறங்கும். பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. அதைக் கவ்வியிருக்கும் பிளாஸ்டிக்தான் பிளக்கும். பழைய திங்பேட் லெப்டொப்புகளை இன்றைக்கும் சிலர் தேடித் திரிவதற்குக் காரணம் அவற்றின் உருக்குப் பிணைச்சலும், உள்ளே ஓடுகிற மக்னீசியச் சட்டமும்தான். மலிவு மாடல்களுக்கு அந்த எலும்பெல்லாம் கிடையாது.

மருமகனின் மெஷின் முன்பு ஜேர்மனியில் எங்கோ இருந்திருக்கிறது. விசைகளின் மேல் ஒட்டியிருந்த எழுத்து ஸ்டிக்கர்கள் விரல் வியர்வையில் உரிந்தபோது, ‘வை’க்குக் கீழே ‘இசட்’ ஒளிந்திருந்தது. ஜேர்மன்காரர் அந்த இரண்டையும் இடம் மாற்றித்தான் வைத்திருப்பார்கள். வெளிநாட்டுக் கம்பனிகள் மூன்று நான்கு வருசக் குத்தகைக்கு எடுத்த லெப்டொப்புகள், தவணை முடிந்ததும் மொத்தமாகக் கைமாறி, டுபாய், சிங்கப்பூர் என்று எத்தனையோ கைகளுக்குள் புகுந்து இங்கே வந்து சேர்கின்றன. வருகிற வழியில் ஏ கிரேட், பி கிரேட் என்று தரம் பிரிப்பார்கள். அது பெரும்பாலும் தோலைப் பார்த்துப் போடுகிற தரம். உள்ளே பித்தளைக் குமிழ் எந்தக் கோலத்தில் கிடக்கிறது என்று எந்த கிரேட்டும் சொல்வதில்லை.

பழசு வாங்குவது நமக்கு மரியாதைக் குறைவான காரியமும் அல்ல. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தும்வரை, ஜப்பானில் ஓடி முடித்த ‘ரீகண்டிஷன்’ வேனில்தானே பாதி நாடு கலியாண வீட்டுக்குப் போனது? 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குத் தாவியபோது, ஒலுவில் கெம்பஸுக்குப் போகிற பிள்ளைகளுக்குப் புது லெப்டொப் என்பது காணி வாங்குகிற பேச்சாகிவிட்டது. ஆகவே பழசின் மேல் எனக்குக் கோபமில்லை. நிந்தவூர் உப்புக்காற்றில் சைக்கிள் ரிம் துருப்பிடிக்கிறது, செம்பு பச்சை பூக்கிறது, மனிசனே தேய்கிறான். லெப்டொப் மட்டும் எப்படிக் குமராக இருக்கும்? என் கோபமெல்லாம் மினுக்கத்தின் மேல். நெளிவை நிரப்பி, பெயின்ட் அடித்து, உள்ளங்கை படுகிற இடத்துக்கு வைனல் ஒட்டி, நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி வைத்திருக்கிறார்களே, அதன் மேல்.

என் மூத்தவாப்பா நெல் வாங்கி விற்றவர். பெரும்போக வெட்டு முடிகிற காலத்தில் எதிர்பாராமல் ஒரு மழை அடிக்கும். மறுநாள் அவரோடு களவெட்டிக்குப் போவேன். குவித்து வைத்த நெல் மேலே பொன்னாக மின்னும். மூத்தவாப்பா அந்தப் பக்கமே பார்க்கமாட்டார். போடியாருக்கு ஸலாம் சொல்லி, சுகம் விசாரித்து, கதையோடு கதையாகக் குந்தி, சேட்டுக் கையை மடித்துக்கொண்டு குவியலின் அடியில் முழங்கை மட்டும் கையை விடுவார். உள்ளே விரல்கள் என்ன செய்கின்றன என்று தெரியாது. முகத்தை வைத்தும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. பிறகு கை வெளியே வரும், பிடி நெல்லோடு. முகர்ந்து பார்ப்பார். ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். டக்கென்று வெடித்தால் காய்ந்த நெல். சத்தமில்லாமல் நசிந்தால், கையைத் தட்டிவிட்டு எழும்பி, “மறுகா ஒருக்கா வாறன்” என்பார். அவ்வளவுதான். இன்றைக்கு நெல் சந்தைப்படுத்தும் சபை மீட்டர் வைத்துப் பார்த்து, 14 வீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் வேண்டாம் என்கிறது. மூத்தவாப்பாவின் கடைவாய்ப் பல்லும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் கோடு போட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு ஹதீஸைச் சொல்வார். சஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மதீனாச் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விடுகிறார்கள். விரல் நனைகிறது. இது என்ன என்று கேட்க, மழையில் நனைந்துவிட்டது என்கிறான் வியாபாரி. நனைந்ததை மேலே போட்டிருக்கலாமே, சனங்கள் பார்த்திருப்பார்களே என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுகிறவனுக்கும் தமக்கும் உறவில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். சின்ன வயதில் அந்த வியாபாரி பொய் சொன்னான் என்றே நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் அவன் சொன்னதில் பொய்யே இல்லை. மழைதான் நனைத்தது. மழைக்காக யாரும் அவனை ஏசவும் இல்லை. ஈரத்தைக் கீழே தள்ளிக் காய்ந்ததை மேலே பரப்பிய கைவேலைக்குத்தான் அந்த வார்த்தை.

இந்தக் கைவேலையின் வகைகளை எனக்குக் காட்டிக்கொடுத்தது, மஃரிபுக்குப் பின் பள்ளியில் ஓதிய கிதாபு. இமாம் நவவியின் ‘மின்ஹாஜ்’. டமஸ்கஸுக்குத் தெற்கே நவா என்ற ஊரில் பிறந்து, கலியாணமும் முடிக்காமல், 1277இல் நாற்பது சொச்சம் வயதில் மௌத்தாகிப்போன மனிசர். கடை வைத்து நடத்தியதாக யாரும் சொன்னதில்லை. ஆனால் வியாபாரப் பாடத்தைப் பிரித்தால் சந்தையில் நடக்கிற கள்ளம் ஒவ்வொன்றும் அவருக்கு அத்துப்படி. ஆட்டின் மடியைக் கட்டி இரண்டு மூன்று நாள் கறக்காமல் விட்டு, பால் பொங்குகிற ஆடு என்று விற்பதில் தொடங்குகிறது. வாங்கியவன் திருப்பிக் கொடுக்கலாம், குடித்த பாலுக்காக ஒரு ஸாஉ அளவு பேரீத்தம்பழம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தவணை மூன்று நாள் என்பாரும் உண்டு. நவவி அதை ஏற்கவில்லை, தெரிந்தவுடனேயே திருப்பு என்கிறார். நம்மூர்க் கடைகளின் ‘செக்கிங் வாரண்டி’ யாருடைய மத்ஹப் என்று யோசித்துக்கொண்டேன்.

அடுத்தது மாவு மில். ஓடைத் தண்ணீரை மறித்து வைத்திருந்து, வாங்க ஆள் வந்ததும் திறந்துவிடுவான். மில் பேய் மாதிரிச் சுற்றும். அதற்கும் திருப்பலாம். லெப்டொப்பைச் சார்ஜர் வயரில் செருகியபடியே ஓட்டிக் காட்டுகிற கடைகளுக்கு இந்த வரி பொருந்தும். வயரைக் கழற்றச் சொல்லுங்கள். வின்டோஸிடம் பற்றரி அறிக்கை கேட்டால், பிறந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது எவ்வளவு மிச்சம் என்று ஒளிக்காமல் எழுதித் தரும்.

பிறகு அடிமைச் சந்தை வருகிறது. முகத்தைச் சிவக்கப் பூசுவது, தலைமயிரைக் கறுப்பாக்குவது. மனிசனை நிறுத்தி வைத்து விற்ற காலத்தின் சட்டம். வாசிக்கையில் உடம்பு கூசுகிறது. அதற்குள்ளேதான் ஒரு வினோதமான விலக்கும் இருக்கிறது. எழுதத் தெரிந்தவன் என்று காட்ட அவன் உடுப்பில் மையைத் தேய்த்து விற்றால், அதற்காகத் திருப்ப முடியாதாம். மைக்கறை யார் உடுப்பிலும் படும், பேனாவைக் கையில் கொடுத்து எழுதச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டியது வாங்குகிறவன்தானே என்பது வாதம். இந்த இடத்தில் இமாமோடு கொஞ்சம் மல்லுக்கு நிற்க எனக்கு ஆசை. ஐ7 ஸ்டிக்கர் ஒட்டிய ஐ5 மெஷின்களைப் பார்த்தவன் நான். அந்த ஸ்டிக்கர்களைத் தனியாகவே விற்கிறார்கள். செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்க்க ஒரு நிமிசம் போதும் என்பதும் உண்மை. அதற்காக மை தேய்த்தவனைச் சும்மா விடுவதா?

எனக்கு மிகவும் பிடித்தது தேங்காய்தான். ஆம், டமஸ்கஸில் இருந்துகொண்டு நவவி தேங்காயைப் பற்றி எழுதியிருக்கிறார். எந்தக் கப்பலில் போய்ச் சேர்ந்த தேங்காயோ. பொதுவான சட்டம் இது: வாங்கிய பொருளில் பழைய குறை ஒன்று இருக்க, உன் கையில் வந்தபின் புதிதாக ஒரு குறையும் உண்டாகிவிட்டால், எடு என்று விற்றவனை வற்புறுத்த முடியாது. ஆனால் சில பொருள்களின் குறை உடைக்காமல் தெரியாதே? தேங்காய், முட்டை, புழு விழுந்த வத்தகப்பழம். அவற்றை உடைத்ததால் வந்த சேதம் உன் தலையில் இல்லை, நட்டஈடும் இல்லை, திருப்பிக் கொடு என்கிறார். அதோடு விடாமல் ஒரு முடிச்சும் போடுகிறார். இதைவிடக் குறைவாகச் சேதப்படுத்தியே குறையைக் கண்டிருக்கலாம் என்றால், அதுவும் உன் கையில் உண்டான புதுக் குறைதான், பொதுச் சட்டமே பொருந்தும். துளை போட்டுப் பார்த்திருக்க வேண்டியதை ஏன் இரண்டாகப் பிளந்தாய் என்ற கேள்வி.

மருமகனின் லெப்டொப்பில் ஒரு ஸ்க்ரூவின் தலைமேல் சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருந்தது, உரித்தால் வாரண்டி செல்லாது என்று. விற்ற கடையில் அதையே காட்டிக் கையை விரித்தார்கள். அப்பச்சோடா அந்த ஸ்டிக்கருக்குப் பின்னால்தானே இருந்தது? தேங்காயை உடைக்காமல் அழுகலை எப்படிக் காட்டுவது? அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் இதே மாதிரி ஸ்டிக்கர்களையும் நிபந்தனைகளையும் பற்றி ஆறு கம்பனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதியது 2018இல். நவவி மௌத்தாகி 741 வருசம் கழித்து.

பில்லின் அடியில் இன்னொரு வரி அச்சடித்திருந்தது: எந்தக் குறைக்கும் கடை பொறுப்பில்லை. இதற்கும் கிதாபில் இடமுண்டு. அப்படிச் சொல்லி விற்றாலும் பொறுப்பு நீங்காது. நீங்குவது ஒரேயொரு இடத்தில், மிருகத்தின் உள்ளே மறைந்திருந்து, விற்றவனுக்கும் தெரியாத குறைக்கு மட்டும். உயிருள்ளது தின்னும், இளைக்கும், நோய்ப்படும், அதன் வயிற்றுக்குள் நடப்பதை யார் கண்டார் என்ற இரக்கம். லெப்டொப் எந்தப் பக்கம் சேரும் என்று, பள்ளியில் கிதாபு ஓதித் தந்த ஹஸ்ரத்திடம் கேட்டேன்.

“அது தின்னுமா தம்பி?”

“கரண்ட் தின்னும் ஹஸ்ரத்.”

“நோய் வருமா?”

“வைரஸ் வரும்.”

சிரித்து முடிய அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. “உயிர் இரிக்கா எண்டு கேக்காதீங்க. உள்ளுக்கு இரிந்தது வித்தவனுக்குத் தெரியுமா எண்டு கேளுங்க. சோடாவத் தூவினவனுக்குத் தெரியாமலா போகும்?” என்றார். தூவியவன் டுபாயிலா, கொழும்பிலா, அந்தக் கடையின் பின்னறையிலா என்பதுதான் விளங்கவில்லை. அத்தனை கைகளில் எந்தக் கையைப் பிடிப்பது?

கல்முனைப் பொடியன் சோடாக் கட்டியைச் சுரண்டி எறிந்துவிட்டு, பிணைச்சல் தண்டுக்குக் கிரீஸ் வைத்து, இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தினான். பிறகு அடித்தட்டில் ஊடுருவத் துளைத்து, இரண்டு குட்டி போல்ட்டுகளை நட்டுப் போட்டு முறுக்கினான். போல்ட்டுத் தலைகள் வெளியே துருத்திக்கொண்டு நின்றன. அவலட்சணம்தான். எனக்கு அந்த மெஷினில் பிடித்ததே அந்த இரண்டு தலைகள்தான். உடைந்த இடம் இது, பூட்டிய விதம் இது என்று பார்த்தவுடன் தெரிகிறதே. மூடி இப்போது ஒரு விரலுக்குத் திறக்கிறது.

மருமகன் படிப்பு முடித்துவிட்டான். கட்டாரில் வேலை சரிவரும் போலிருக்கிறது, லெப்டொப்பை விற்கப் போகிறானாம். போன கிழமை வீட்டுக்குப் போனபோது அதைத் துடைத்து மினுக்கி மேசையில் வைத்திருந்தான். கவிழ்த்துப் பார்த்தேன். போல்ட்டுகளுக்கு மேல் ஒரு பெரிய மெஸ்ஸி ஸ்டிக்கர்.

“என்ன மனே இது?”

“வடிவுக்கு மாமா. வாங்கிறவன் கேட்டா இரிக்கி எண்டு சொல்லுவன்தானே.”

இது உடுப்பில் தேய்த்த மையா, கட்டிய மடியா என்று ஹஸ்ரத்திடம்தான் கேட்க வேண்டும்.